அபராதத்தில் பிழைத்த ஊர்கள்

(“சம்மன்: உயிர் காக்கவா, கஜானா நிரப்பவா?” என்ற தலைப்பில் நடந்த தொலைக்காட்சிக் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வழக்கமாக நான் கேள்வி கேட்கும் நாற்காலியில் உட்காருகிற ஆள். இன்று என்னை இந்தப் பக்கம் உட்கார வைத்துவிட்டார்கள். பதில் சொல்கிறவர்களின் சிரமம் இப்போதுதான் புரிகிறது.

சின்ன வயதில் பள்ளி விடுமுறைக்குப் பீடோரில் இருந்த பாட்டி வீட்டுக்குப் போவோம். டோல் காசை மிச்சம் பிடிப்பதற்காக அப்பா பழைய சாலையில்தான் காரை ஓட்டுவார். எதிரே வரும் லோரி திடீரென்று இரண்டு முறை விளக்கை மினுக்கும். அப்பா பேச்சை நிறுத்திவிட்டு, எண்ணெய் மிதியிலிருந்து காலை எடுத்துவிடுவார். அடுத்த வளைவு தாண்டியதும் மரத்தடியில் போலீஸ்காரர் ஒருவர் கருவியோடு நின்றுகொண்டிருப்பார். முகம் தெரியாத அந்த லோரிக்காரருக்கு அப்பா மனதார நன்றி சொல்வார். பிறகு, அவரே எதிரே வருகிறவர்களுக்கு விளக்கை மினுக்குவார். அந்த வயதில் எனக்கு அது ஒரு பெரிய தர்மமாகத் தெரிந்தது.

இந்தத் தர்மத்துக்கு வயது நூறைத் தாண்டிவிட்டது. 1905ஆம் ஆண்டு இங்கிலாந்தில் கார் வைத்திருந்த சிலர் ஒன்றுகூடி ஆட்டோமொபைல் அசோசியேஷன் என்ற சங்கத்தைத் தொடங்கினார்கள். அதன் முதல் வேலையே போலீஸ் எங்கே ஒளிந்திருக்கிறது என்று உறுப்பினர்களுக்குச் சொல்வதுதான். சங்கத்தின் ஆட்கள் சைக்கிளில் சாலையோரம் நின்று எச்சரிப்பார்கள். 1910 வாக்கில், அப்படி எச்சரிப்பது போலீசின் கடமைக்கு இடையூறு செய்வதாகும் என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. சங்கம் என்ன செய்தது தெரியுமா? உறுப்பினரின் காரைக் கண்டால் சங்கத்து ஆள் சல்யூட் அடிப்பது வழக்கம். முன்னால் போலீஸ் இருந்தால் மட்டும் சல்யூட் அடிக்க மாட்டார். சல்யூட் அடிக்காததற்காக எந்த மாஜிஸ்திரேட்டும் ஒருவரைத் தண்டிக்க முடியாதல்லவா?

இதைக் கேட்டு நீங்கள் சிரிக்கிறீர்கள். நானும் சிரித்தேன். ஆனால் நம் நாட்டில் 2012ஆம் ஆண்டில் மட்டும் சாலை விபத்துகளில் 6,917 பேர் இறந்தார்கள். வேகத்துக்கு அதில் பங்கு இல்லை என்று இந்த மேடையில் யாரும் சொல்லிவிட முடியாது. ஆகவே சம்மன் என்றாலே கொள்ளை என்று கைதட்டு வாங்கும் பேச்சை நான் பேசப் போவதில்லை. எனக்குக் கொடுக்கப்பட்டது அமெரிக்காவைப் பற்றிய பகுதி. அங்கே சில சிற்றூர்கள் சம்மனைக் கொண்டே ஊரை நடத்தின. அது எப்படி நடந்தது, யார் தடுத்தார்கள், தடுத்த பிறகு என்ன ஆனது என்பதைச் சொல்லிவிட்டு உட்கார்ந்து விடுகிறேன்.

முதலில் ஒரு விவரம். நம் நாட்டில் போலீஸ் என்றால் அது அரச மலேசிய போலீஸ் படை ஒன்றுதான். பெர்லிஸில் சம்மன் வாங்கினாலும் தாவாவில் வாங்கினாலும் பணம் போகும் இடம் கூட்டரசு கஜானா. அமெரிக்காவில் அப்படி இல்லை. அங்கே ஏறத்தாழ 18,000 போலீஸ் அமைப்புகள் இருக்கின்றன. மாநிலத்துக்கு ஒரு போலீஸ், மாவட்டத்துக்கு ஒரு போலீஸ், ஊருக்கு ஒரு போலீஸ். ஆயிரம் பேர் இருக்கிற ஊருக்கும் சொந்தப் போலீஸ் இருக்கலாம். அந்தப் போலீசுக்குச் சம்பளம் கொடுப்பது ஊர். அவர் எழுதும் சம்மன் பணம் பல மாநிலங்களில் அந்த ஊரின் கணக்குக்கே வந்து சேரும். சில இடங்களில் வழக்கை விசாரிக்கும் நீதிமன்றமும் அந்த ஊருக்குச் சொந்தமானது. இந்த மூன்றும் ஓரிடத்தில் சேர்ந்ததால் வந்த வினைதான் நான் சொல்லப் போவது எல்லாம்.

ஒஹாயோ மாநிலத்தில் கொலம்பஸ் நகருக்கு மேற்கே நியூ ரோம் என்று ஒரு கிராமம் இருந்தது. பெயர் என்னவோ ரோமாபுரி. 2000ஆம் ஆண்டு குடிமக்கள் கணக்கெடுப்பின்படி அங்கே வசித்தவர்கள் 60 பேர். நம் ஊரில் ஒரு கல்யாணத்துக்கு அதைவிட அதிகம் பேர் சமையலறையில் நிற்பார்கள். ஆனால் அந்தக் கிராமத்தின் வழியாக, ஏறத்தாழ 300 மீட்டர் தூரத்துக்கு, பெரிய நெடுஞ்சாலை ஒன்று போனது. மணிக்கு 45 மைல் என்றிருந்த வேக வரம்பு கிராமத்து எல்லைக்குள் 35 மைலாகக் குறையும். நம் கணக்கில் 72 கிலோமீட்டர் 56 ஆகிறது. அந்த 300 மீட்டரைக் காவல் காக்க ஒரு காலத்தில் பகுதி நேரப் போலீஸ்காரர்கள் 14 பேர் வரை இருந்தார்கள். வேகமாகப் போனவர் மட்டும் மாட்டவில்லை. எண் பலகையில் அழுக்கு, பின் விளக்கில் விரிசல் என்றெல்லாம் காரணம் காட்டி நிறுத்தினார்கள்.

ஆண்டுக்குச் சுமார் 4 லட்சம் டாலர் வசூல். அறுபது பேருக்கு! அந்தப் பணத்தில் கிராமம் பளபளவென்று ஆகியிருக்கும் என்று நினைப்பீர்கள். கிடையாது. பெரும்பகுதி சம்மன் எழுதும் போலீசையும் சம்மனை விசாரிக்கும் மேயர் நீதிமன்றத்தையும் நடத்துவதற்கே போனது. போதாக்குறைக்கு, கிராமத்தின் கணக்கைப் பார்த்துக் கொண்டவர்களில் சிலர் கையாடல் செய்து தண்டனையும் பெற்றார்கள். அக்கம்பக்கத்துக் கடைக்காரர்கள் அந்தச் சாலைக்கு வாடிக்கையாளர்கள் வரப் பயப்படுகிறார்கள் என்று புலம்பினார்கள். கடைசியில் மாநில அரசு, மிகச் சிறிய கிராமங்களை நீதிமன்றத்தின் மூலம் கலைக்க வழி செய்யும் சட்டத்தை இயற்றியது. 2004ஆம் ஆண்டு நியூ ரோம் கலைக்கப்பட்டது. பக்கத்து நிர்வாகத்தோடு சேர்க்கப்பட்டது.

மேயர் நீதிமன்றம் என்று சொன்னேன். அதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். ஒஹாயோவிலும் லூசியானாவிலும் இன்றும் மேயரே சிறு குற்றங்களை விசாரிக்கலாம். ஊர் வரவு செலவைப் பார்ப்பவரும் அவரே, அபராதம் விதிப்பவரும் அவரே. நம் கிராமங்களில் பெரிய கங்காணி பஞ்சாயத்துப் பேசிய காலம் நினைவுக்கு வருகிறதா? ஆனால் கங்காணி விதித்த அபராதம் பெரும்பாலும் கோயில் உண்டியலுக்குப் போனதாகத்தான் எங்கள் தாத்தா சொல்வார். அது எவ்வளவு உண்மையோ எனக்குத் தெரியாது.

அமெரிக்க உச்ச நீதிமன்றத்துக்கு இந்த விவகாரம் 1927லேயே போய்விட்டது. அது மதுவிலக்குக் காலம். ஒஹாயோவில் நார்த் காலேஜ் ஹில் என்ற சிற்றூரில் டியூமி என்பவர் மது வைத்திருந்ததாகப் பிடிபட்டார். மேயர் விசாரித்தார். 100 டாலர் அபராதம். இதில் மேயருக்கு 12 டாலர் கட்டணம் உண்டு. குற்றவாளி என்று தீர்ப்புச் சொன்னால்தான் அந்த 12 டாலர். நிரபராதி என்று விட்டால் மேயருக்கு ஒன்றும் கிடையாது. டாஃப்ட் தலைமையிலான உச்ச நீதிமன்றம், இப்படிப்பட்ட நீதிபதியின் முன் ஒருவரை நிறுத்துவது அரசியல் சட்டத்துக்கே விரோதம் என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தது.

சரி, மேயரின் சொந்தப் பைக்கு ஒரு காசும் போகவில்லை, எல்லாம் ஊர்ப் பணம் என்றால்? அந்தக் கேள்வி 1972ல் வந்தது. மறுபடியும் ஒஹாயோதான். மன்ரோவில் என்ற கிராமத்தில் வார்ட் என்பவருக்கு இரண்டு போக்குவரத்துக் குற்றங்களுக்குத் தலா 50 டாலர் அபராதம் விதித்தார் மேயர். 100 டாலருக்காக மனிதர் உச்ச நீதிமன்றம் வரை போனார். கிராமத்தின் கணக்கு அங்கே வெளிவந்தது. 1964ஆம் ஆண்டில் கிராமத்தின் மொத்த வருமானம் 46,355 டாலர். அதில் மேயர் நீதிமன்றம் கொண்டுவந்தது 23,589 டாலர். சரிபாதி! தன் ஊரின் சாக்கடையும் தெருவிளக்கும் இந்த அபராதத்தை நம்பித்தான் இருக்கின்றன என்று தெரிந்த ஒருவர் நடுநிலையோடு தீர்ப்புச் சொல்ல முடியுமா என்று கேட்டது நீதிமன்றம். வார்ட் ஜெயித்தார்.

எனக்கு இந்தத் தீர்ப்பு மிகவும் பிடித்திருக்கிறது. மேயர் கெட்டவர் என்று அது சொல்லவில்லை. நல்லவராக இருந்தாலும் அந்த நாற்காலி அவரை ஒரு பக்கம் சாய்த்துவிடும் என்றுதான் சொல்கிறது.

இனி ஒரு சாலையின் கதை. 301 என்ற எண்ணுள்ள நெடுஞ்சாலை. வடக்கே குளிர் தாங்க முடியாதவர்கள் புளோரிடாவுக்கு வெயில் காயப் போகும் பழைய பாதை அது. ஜார்ஜியா மாநிலத்தில் அந்தப் பாதையில் லுடோவிசி என்ற ஊர் வருகிறது. அங்கே வெளியூர்க் காரர்களைப் பிடித்துப் பணம் பறிப்பது அவ்வளவு பேர்போனதாக இருந்ததால், 1970ல் அந்த மாநில ஆளுநர் லெஸ்டர் மேடாக்ஸ், ஊருக்கு வெளியே பெரிய விளம்பரப் பலகைகளை வைத்துப் பயணிகளை எச்சரித்தார். அரசாங்கமே விளக்கை மினுக்கியது என்று வைத்துக் கொள்ளுங்களேன்!

அதே சாலையில் தெற்கே போனால் புளோரிடாவில் வால்டோ. சுமார் ஆயிரம் பேர் வாழும் ஊர். அந்தச் சில கிலோமீட்டர் தூரத்தில் வேக வரம்பு மாறி மாறி வரும். 65, 55, 45, 35 மைல் என்று இறங்கி, மறுபடியும் ஏறும். அமெரிக்க வாகனமோட்டிகள் சங்கமான டிரிபிள் ஏ, வால்டோவையும் பக்கத்து ஊரான லாட்டியையும் பொறி வைக்கும் ஊர்கள் என்று அறிவித்துப் பலகையும் வைத்தது. 2013ஆம் ஆண்டில் வால்டோவின் ஏழு போலீஸ்காரர்கள் எழுதிய சம்மன்கள் 11,603 என்று செய்திகள் கூறின. ஊரின் பட்ஜெட்டில் ஏறத்தாழ பாதி அதிலிருந்து வந்தது.

வால்டோவை முடிவுக்குக் கொண்டு வந்தவர்கள் யார் என்று நினைக்கிறீர்கள்? சம்மன் வாங்கியவர்கள் இல்லை. 2014 ஆகஸ்டில் நடந்த நகர மன்றக் கூட்டத்தில் அந்த ஊர்ப் போலீஸ்காரர்களே எழுந்து பேசினார்கள். 12 மணி நேர வேலையில் 12 சம்மன் எழுத வேண்டும் என்று மேலதிகாரி உத்தரவு போட்டிருக்கிறார், எங்களால் முடியாது என்றார்கள். வேலை போகும் என்று தெரிந்தே பேசினார்கள். அதிகாரி தற்காலிகமாக நீக்கப்பட்டார். சில வாரங்களில் அந்த ஊர் தன் போலீஸ் படையையே கலைத்துவிட்டது. பேசியவர்களுக்கும் சேர்த்துத்தான் வேலை போயிற்று. மறு ஆண்டே புளோரிடா மாநிலம், ஒரு போலீஸ்காரர் இத்தனை சம்மன் எழுத வேண்டும் என்று கணக்கு வைக்கத் தடை விதித்தது. அந்தச் சட்டத்துக்கு மக்கள் வைத்த பெயர் வால்டோ சட்டம்.

வால்டோவுக்குச் சற்று வடக்கே ஹாம்ப்டன் என்று இன்னொரு ஊர். 2010ல் மக்கள் தொகை 477. இந்த ஊர் நெடுஞ்சாலையில் இல்லவே இல்லை, கொஞ்சம் தள்ளி உள்ளே இருக்கிறது. அதனால் என்ன? நெடுஞ்சாலையில் 1,260 அடி நீளத்தைத் தன் எல்லையோடு சேர்த்துக் கொண்டது. நாம் பக்கத்து வீட்டு நிலத்தில் ஒரு துண்டை வேலி போட்டுச் சேர்த்துக் கொள்வது போல. அந்த 1,260 அடியில் 2011, 2012 ஆகிய இரண்டு ஆண்டுகளில் 12,698 சம்மன்கள் எழுதப்பட்டன. மாநிலத் தணிக்கையாளர்கள் வந்து பார்த்தால் கணக்கு வழக்கு எதுவும் ஒழுங்காக இல்லை. ஊரையே கலைத்துவிடலாம் என்று 2014ல் மாநில சட்டமன்றம் கிளம்பியது. அந்த நெடுஞ்சாலைத் துண்டைத் திருப்பிக் கொடுத்துத்தான் ஹாம்ப்டன் உயிர் தப்பியது.

இந்த ஊர்கள் ஏன் இப்படிச் செய்தன? அங்கே இருப்பவர்கள் எல்லாம் பேராசைக்காரர்கள் என்று சொல்லி முடித்துவிடலாம். அது முழு உண்மையாகாது. பழைய சாலைகளுக்குப் பக்கத்தில் புதிய விரைவுச்சாலைகள் வந்தன. உணவுக்கடை, தங்கும் விடுதி, எண்ணெய் நிலையம் எல்லாம் படுத்துவிட்டன. நம் ஊரில் வடக்கு தெற்கு நெடுஞ்சாலை திறந்த பிறகு தாப்பா, பீடோர், சிலிம் ரிவர் போன்ற ஊர்களின் பழைய சாலைக் கடைகள் எப்படி ஆயின என்று பார்த்தவர்களுக்கு இது புரியும். வரி கொடுக்க ஆள் இல்லை. உள்ளூர்க்காரன் மேல் வரி போட்டால் அடுத்த தேர்தலில் ஓட்டு விழாது. வெளியூர்க்காரனுக்கு அங்கே ஓட்டு இல்லை. நூறு டாலர் அபராதத்தை எதிர்த்து வாதாட அவன் ஆயிரம் மைல் தாண்டி, வழக்கு நாளன்று திரும்பி வர மாட்டான். கட்டிவிட்டுப் போய்விடுவான். திட்டிக்கொண்டேதான், ஆனாலும் கட்டுவான்.

மேக்ஸ் கிரீக் என்று மிசௌரி மாநிலத்தில் ஓர் ஊர். முந்நூறு பேருக்கும் குறைவு. ஏரிக்குச் சுற்றுலாப் போகிறவர்கள் அந்த வழியாகத்தான் போக வேண்டும். ஊர் வருமானத்தின் பெரும்பகுதி அபராதம்தான். 1995ல் மாநில அரசு ஒரு சட்டம் போட்டது: எந்த ஊரும் தன் வருமானத்தில் 45 விழுக்காட்டுக்கு மேல் போக்குவரத்து அபராதத்திலிருந்து வைத்துக் கொள்ளக் கூடாது, மிச்சம் பள்ளிக்கூடங்களுக்குப் போக வேண்டும். அந்தச் சட்டத்துக்கு மேக்ஸ் கிரீக் சட்டம் என்றே பெயர். சில ஆண்டுகளில் மேக்ஸ் கிரீக் திவாலானது. 2012ல் ஊராட்சியே கலைந்தது. டெக்சஸ் மாநிலத்திலும் இது போன்ற விதி உண்டு. ஐயாயிரம் பேருக்குக் குறைவான ஊர்கள் 30 விழுக்காட்டுக்கு மேல் வசூலித்தால் மிச்சம் மாநிலத்துக்கு.

நாற்பத்தைந்து விழுக்காடு என்பதைக் கவனித்தீர்களா? கட்டுப்பாடு என்று கொண்டு வந்ததே அவ்வளவு. அதற்கு முன் நிலைமை எப்படி இருந்திருக்கும்!

இங்கே ஆய்வாளர்கள் சொன்னதையும் சொல்லிவிட வேண்டும். வட கரோலினா மாநிலத்தின் மாவட்டக் கணக்குகளை வைத்து 2009ல் இரண்டு பொருளாதார அறிஞர்கள் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். வருமானம் குறைந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டில் சம்மன் கூடுகிறது. வருமானம் கூடினால் சம்மன் குறைகிறதா என்றால், குறைவதில்லை. நம் ஊர் தோசை விலை மாதிரிதான், ஏறினால் இறங்காது. அதே 2009ல் மாசசூசெட்ஸ் மாநிலத்தைப் பற்றி இன்னோர் ஆய்வு வந்தது. அங்கே ஓர் ஊர் வீட்டு வரியை ஒரு வரம்புக்கு மேல் ஏற்ற வேண்டுமானால் மக்களிடம் ஓட்டுக் கேட்க வேண்டும். மக்கள் வேண்டாம் என்று ஓட்டுப் போட்ட ஊர்களில் போலீஸ் அதிகமாக அபராதம் எழுதியது. வெளியூர்க்காரருக்கு அபராதம் விழும் வாய்ப்பு உள்ளூர்க்காரரைவிட அதிகம்.

இதுவரை சொன்னதற்கு நீங்கள் தலையாட்டினீர்கள். இப்போது சொல்வதற்கு ஆட்டுவீர்களா தெரியவில்லை. அதே மாசசூசெட்ஸ் ஆய்வாளர்கள் 2011ல் அடுத்த கட்டுரையை எழுதினார்கள். காசுக்காகவே எழுதப்பட்ட அந்தக் கூடுதல் சம்மன்களால் விபத்து குறைந்ததா என்று பார்த்தார்கள். குறைந்திருக்கிறது. காயமடைந்தவர்களும் குறைந்திருக்கிறார்கள். நோக்கம் பணம்தான். ஆனால் சம்மன் பயத்தில் ஜனங்கள் மெதுவாக ஓட்டினார்கள். யாரோ ஒருவர் வீட்டுப் பிள்ளை பிழைத்திருக்கிறது.

நான் இந்த உரையைத் தயாரிக்கும்போது இந்த இடத்தில்தான் இரண்டு நாள் நின்றேன். அப்படியானால் நியூ ரோம் செய்தது சரியா? என் அப்பாவுக்கு விளக்கை மினுக்கிய லோரிக்காரர் செய்தது தவறா? அப்பாவிடமே கேட்டேன். “நான் என்னைக்குப்பா வேகமா ஓட்டினேன்?” என்று சாதித்துவிட்டார்.

எனக்குப் பட்டதைச் சொல்கிறேன். மெதுவாக ஓட்ட வைப்பது மட்டும் நோக்கம் என்றால் போலீஸ் கார் எல்லாருக்கும் தெரியும்படி நின்றால் போதும். ஒளிந்து நின்றால்தான் பணம் வரும். பலகையைப் பெரிதாக வைத்தால் வேகம் குறையும், வசூலும் குறையும். அபராதத்தை நம்பி வாழும் ஊருக்கு எல்லாரும் ஒழுங்காக ஓட்டும் நாள்தான் பயங்கரமான நாள். சம்மனால் விபத்து குறைகிறது என்பதை நான் ஏற்றுக் கொள்கிறேன். பணம் வேறு கைக்குப் போனாலும் அந்தச் சம்மனால் விபத்து குறையத்தான் செய்யும். எழுதுகிற கையும் வாங்குகிற பையும் ஒன்றாக இருக்க வேண்டிய அவசியம் எங்கே வந்தது?

அவை ஒன்றாக இருந்தால் எது வரை போகும் என்பதற்கு ஃபெர்குசன் நகரம் சாட்சி. இதுவும் மிசௌரிதான். 2014 ஆகஸ்ட் 9ஆம் தேதி அங்கே மைக்கல் பிரவுன் என்ற 18 வயது கறுப்பின இளைஞரைப் போலீஸ்காரர் ஒருவர் சுட்டுக் கொன்றார். ஊர் பற்றி எரிந்தது. உலகம் முழுவதும் தொலைக்காட்சியில் பார்த்தோம். 2015 மார்ச்சில் அமெரிக்க நீதித்துறை தன் அறிக்கையை வெளியிட்டது. அதில் பக்கம் பக்கமாக இருப்பது துப்பாக்கியைப் பற்றி இல்லை. அபராதத்தைப் பற்றி.

21,000 பேர் வாழும் நகரம். 2010 நிதியாண்டில் அபராதத்தாலும் நீதிமன்றக் கட்டணத்தாலும் வந்தது 13 லட்சத்து 80 ஆயிரம் டாலர். 2015 நிதியாண்டுக்கு எதிர்பார்த்தது 30 லட்சத்து 90 ஆயிரம் டாலர். ஐந்து ஆண்டில் இரண்டு மடங்குக்கு மேல். சம்மன் எழுதுவதைக் கூட்டினால்தான் பற்றாக்குறையைச் சமாளிக்கலாம் என்று நிதி அதிகாரி போலீஸ் தலைவருக்கு எழுதிய கடிதங்கள் அந்த அறிக்கையில் இருக்கின்றன. அந்த ஊர் நீதிமன்றமே போலீஸ் தலைவரின் மேற்பார்வையில் நடந்தது. வீட்டு முற்றத்தில் புல் உயரமாக வளர்ந்ததற்கு ஒருவருக்கு 531 டாலர். தெருவில் சரியாக நடக்கவில்லை என்பதற்கு 302 டாலர். ஆமாம், நடந்ததற்கு. 2014 டிசம்பர் கணக்குப்படி அந்த நீதிமன்றம் பிறப்பித்த கைது ஆணை 16,000 பேருக்கு மேல் நிலுவையில் இருந்தது. வெளியூர்க்காரர்களும் அதில் சேர்த்திதான், இல்லாவிட்டால் ஊரில் பாதிக்கு மேல் உள்ளே போக வேண்டும்.

நகரத்தில் கறுப்பினத்தவர் 67 விழுக்காடு. சம்மன் வாங்கியவர்களில் அவர்கள் 90 விழுக்காடு. நியூ ரோமில் வெளியூர்க்காரனைப் பிடித்தார்கள். ஃபெர்குசனில் உள்ளூரிலேயே எதிர்த்துப் பேச முடியாதவர்களைத் தேடிப் பிடித்தார்கள்.

அந்த அறிக்கையில் பெயர் குறிப்பிடாமல் ஒரு பெண்ணின் கதை வருகிறது. கறுப்பினப் பெண். 2007ல் காரைத் தவறான இடத்தில் நிறுத்தினார். ஒரே முறை. அதற்கு இரண்டு சம்மன். 151 டாலரும் கட்டணங்களும். அவருக்குப் பணக் கஷ்டம், நிலையாகத் தங்க வீடும் இல்லாத நேரம். நீதிமன்றத்துக்குப் போகாததற்கும் தவணை கட்டாததற்கும் ஏழு முறை குற்றம் பதிவானது. ஒவ்வொன்றுக்கும் புதிய அபராதம், புதிய கைது ஆணை. இரண்டு முறை கைதானார். ஆறு நாள் சிறையில் இருந்தார். இரண்டு முறை 25 டாலர், 50 டாலர் என்று கொஞ்சம் கொஞ்சமாகக் கட்ட முயன்றார். முழுத் தொகையைக் கட்டு என்று நீதிமன்றம் அதைத் திருப்பி அனுப்பியது. ஏழு ஆண்டில் அவர் கட்டி முடித்த பணம் 550 டாலர். 2014 டிசம்பரில் அவருக்கு இன்னும் பாக்கி 541 டாலர்.

இந்த அறிக்கைக்குப் பிறகு மிசௌரி மாநிலம் 2015ல் வரம்பை மேலும் குறைத்தது. இப்போது 20 விழுக்காடு. எல்லாம் சரியாகிவிட்டதா என்றால், அலபாமாவில் புரூக்சைட் என்ற 1,253 பேர் ஊரைப் பாருங்கள். 2018க்கும் 2020க்கும் இடையில் அபராத வருமானம் ஏழு மடங்குக்கு மேல் கூடி, ஊர் வருமானத்தில் 49 விழுக்காட்டைத் தொட்டது. 2022 ஜனவரியில் உள்ளூர்ச் செய்தியாளர்கள் அதை எழுதினார்கள். ஒரு வாரத்தில் போலீஸ் தலைவர் பதவி விலகினார். எழுதியவர்களுக்கு 2023ல் புலிட்சர் பரிசு கிடைத்தது. தொலைக்காட்சியில் இருக்கும் எனக்குப் பத்திரிகைக்காரர்களைப் பார்த்துக் கொஞ்சம் பொறாமைதான்.

நெறியாளர் மணியைப் பார்க்கிறார். முடித்து விடுகிறேன்.

நம் நாட்டில் ஊருக்கொரு போலீஸ் இல்லை, ஆகவே இந்தக் கதை நமக்குப் பொருந்தாது என்று ஒரு நேயர் எழுதியிருக்கிறார். பெரும்பகுதி சரி. நியூ ரோம் இங்கே வராது. ஆனால் 2012 செப்டம்பரில் ஏ.இ.எஸ். கேமராக்கள் வந்தபோது ஏன் அவ்வளவு கோபம் எழுந்தது என்று நினைத்துப் பாருங்கள். வேகத்தைப் படம் பிடிப்பதற்காக மட்டும் வந்த கோபம் இல்லை. அதை நடத்திய இரண்டு தனியார் நிறுவனங்களுக்கும் சம்மன் பணத்தில் பங்கு உண்டு என்று தெரிந்ததால் வந்த கோபம் அது. 2018ல் ஆட்சி மாறியதும் கட்டப்படாத அந்தச் சம்மன்கள் ரத்து செய்யப்பட்டன. ஒழுங்காக முதலிலேயே கட்டியவர்கள் தலையில் கையை வைத்துக் கொண்டார்கள். அவர்களில் என் தாய்மாமா ஒருவர். இன்று வரை அதைப் பற்றிப் பேசுகிறார்.

இன்னொன்றும் உண்டு. வாகன நிறுத்துமிடக் குற்றப்பதிவு. இது போலீஸ் இல்லை, ஊராட்சி மன்றம். எழுதுவதும் மன்றத்து ஊழியர், பணம் போவதும் மன்றத்துக்கு. 1976ஆம் ஆண்டு ஊராட்சி மன்றச் சட்டப்படி ஒவ்வொரு மன்றமும் அடுத்த ஆண்டின் வரவையும் செலவையும் முன்கூட்டியே மதிப்பிட வேண்டும். எனக்கு அடுத்துப் பேசவிருக்கும் வழக்கறிஞர் ஐயா இந்தத் துறையில் பழம் தின்று கொட்டை போட்டவர். அவரிடம் ஒரு கேள்வி கேட்டுவிட்டு என் இடத்துக்குப் போகிறேன். கேள்வி கேட்பதுதானே என் தொழில்.

ஐயா, அடுத்த ஆண்டு எத்தனை பேர் காரைத் தவறாக நிறுத்துவார்கள் என்று யாருக்கும் தெரியாது. அப்படியிருக்க, குற்றப்பதிவு வருமானம் இவ்வளவு என்று ஆண்டு பிறப்பதற்கு முன்பே எந்தக் கணக்கில் எழுதுகிறார்கள்? அந்தத் தொகை வராவிட்டால், அக்டோபர் மாதத்தில் அந்த ஊழியரிடம் என்ன சொல்லி அனுப்புகிறார்கள்?